முந்துவதற்கு ஓர் இடம் வேண்டும்

திருச்சியிலிருந்து காவிரியின் தென்கரையை ஒட்டிக் கரூர் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு 67 என்ற எண்ணைத் தாங்கி, இப்போது 81 என்ற எண்ணைப் பெற்றிருக்கும் இச்சாலையின் பெரும்பகுதி இருவழிச் சாலைதான். போக ஒரு தடம், வர ஒரு தடம், இருபுறமும் தார் போட்ட குறுகலான ஓரம், அதற்கு அப்பால் மண். ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை, குளித்தலை, லாலாபேட்டை, கிருஷ்ணராயபுரம், மாயனூர் என்று வரிசையாக ஊர்கள் வருகின்றன. குளித்தலையில் வசிக்கும் எனக்கு இந்தச் சாலையை விட்டால் வேறு வழியில்லை. மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் இதில்தான் போய்வருகிறேன். இந்தச் சாலையில் மக்கள் சாவதற்கு ஓட்டுநர்களின் அவசரம் மட்டுமே காரணம் என்று சொல்லிக்கொண்டிருப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இச்சாலையில் ஓடும் வாகனங்களைப் பாருங்கள். வாழைத்தார் ஏற்றிய மினி லாரி, கோரைப்புல்லை இருபக்கமும் பிதுங்கப் பிதுங்க அடுக்கிய டிராக்டர், கரும்பு டிரெய்லர், வைக்கோல் லாரி, சிமெண்டு ஏற்றிய பதினாறு சக்கர டாரஸ், நிமிடக் கணக்கில் ஓடும் தனியார் பேருந்து, கோவை வரை போகும் விரைவுப் பேருந்து, விமான நிலையத்துக்கு விரையும் கார், பள்ளிக் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்த மொபெட். மணிக்கு 20 கிலோமீட்டரில் போவதும் 100 கிலோமீட்டரில் போக விரும்புவதும் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இங்கே முந்துவது ஆசையால் மட்டும் நடப்பதில்லை. கோரை வண்டிக்குப் பின்னால் குளித்தலையிலிருந்து திருச்சி வரை 20 கிலோமீட்டர் வேகத்திலேயே யாராலும் போக முடியாது. முந்தித்தான் ஆக வேண்டும். ஆனால் முந்துவதற்கென்று சாலையில் ஓர் அடிகூட ஒதுக்கப்படவில்லை. எதிரே வருபவருடைய தடத்தைக் கடனாக வாங்கித்தான் ஒவ்வொரு முறையும் முந்துகிறோம்.

இந்தக் கடனின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் சாலை வடிவமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 1976-இல் வெளியிட்ட பார்வைத்தூர விதிகளில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த இருவழிச் சாலையில் பிரேக் போட்டு நிற்க 120 மீட்டர் தூரம் தெரிந்தால் போதும் என்றும், பாதுகாப்பாக முந்த வேண்டுமானால் 470 மீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 640 மீட்டர். முந்துபவருக்குப் பன்னிரண்டரை வினாடி, எதிரே வருபவருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கூட்டித்தான் 470 மீட்டர் என்ற அளவுக்கு வருகிறார்கள். காவிரிக் கரையில் வளைந்து வளைந்து செல்லும் ஒரு சாலையில், புளியமரங்களும் கடைகளும் வாய்க்கால் பாலங்களும் இருக்கும் இடத்தில், அரைக் கிலோமீட்டர் தூரம் தடையின்றித் தெரிவதும், அந்தத் தூரம் முழுவதும் எதிரே ஒரு வாகனமும் இல்லாமலிருப்பதும் ஒரு நாளில் எத்தனை முறை சேர்ந்து வாய்க்கும்?

இன்னொரு கணக்கும் உண்டு. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட வேக வரம்பு அறிவிக்கையின்படி, நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலை அல்லாத சாதாரணச் சாலைகளில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். சரக்கு வாகனத்துக்கு 60. சட்டத்தை மதித்து 60-இல் போகும் ஒரு லாரியை, சட்டத்தை மதித்து 70-இல் போகும் ஒரு கார் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வேக வேற்றுமை வினாடிக்கு மூன்று மீட்டருக்கும் குறைவு. லாரிக்குப் பின்னால் 20 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, அதன் முன்னால் 20 மீட்டர் தள்ளி உள்ளே நுழைய வேண்டுமானால், லாரியின் நீளத்தையும் காரின் நீளத்தையும் சேர்த்து 56 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். அதற்கு 20 வினாடி ஆகும். அந்த 20 வினாடியில் கார் 390 மீட்டர் போயிருக்கும். எதிரே 70-இல் வரும் வாகனமும் 390 மீட்டர் வந்திருக்கும். அதாவது, வரம்புக்குள் முந்த முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை தேவை. அப்படி ஓர் இடைவெளி இங்கே கிடைப்பதே இல்லை. ஆகவே முந்துகிற ஒவ்வொருவரும் ஆக்சிலரேட்டரை அழுத்தி வேக வரம்பை மீறித்தான் முந்துகிறார்கள். மீறாமல் முந்துவதுதான் கூடுதல் ஆபத்து என்று சாலையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

எதிரே நேராக வரும் வாகனத்தின் வேகத்தை மனிதக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பக்கவாட்டில் நகரும் பொருளின் வேகம் நமக்கு எளிதில் புலப்படும். நேர் எதிரே வருவது, தொலைவில் இருக்கும்வரை, ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றி, நெருங்கிய பிறகுதான் திடீரெனப் பெரிதாகும். இரவில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு விளக்குப் புள்ளிகளை மட்டும் வைத்து, அது லாரியா காரா, 50-இல் வருகிறதா 100-இல் வருகிறதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒற்றை விளக்கு மட்டும் எரியும் டிராக்டரை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஏறிப் போனவர்கள் உண்டு.

இந்த இக்கட்டைச் சமாளிக்க ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஒரு மொழியை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். முன்னால் போகும் லாரிக்காரர் இடது இண்டிகேட்டரைப் போட்டால், "சைடு கொடுக்கிறேன், ஏறிப் போ" என்று பொருள். வலது இண்டிகேட்டர் போட்டால், "எதிரே வண்டி வருகிறது, வராதே" என்று பொருள். ஆனால் சிலர் இதை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். சிலர் உண்மையிலேயே வலதுபுறம் திரும்புவதற்காகவே போட்டிருப்பார்கள். முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர், யாரென்று தெரியாத இன்னொருவரின் ஒரு மஞ்சள் விளக்கை நம்பித் தன் குடும்பத்தையே எதிர்த்தடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். மாயனூர் அருகே ஒரு தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்த வயதான லாரி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நாங்க ஒதுங்கக் கூடாதுன்னு நெனைக்கிறதில்ல தம்பி. பின்னாடி பத்து வண்டி நிக்குறது கண்ணாடியில தெரியத்தான் செய்யுது. லோடோட மண்ணுல எறக்குனா வண்டி சாஞ்சுரும். ஒதுங்குறதுக்கு எடத்தக் காட்டுங்க, நான் ஒதுங்குறேன்." இதைவிடத் தெளிவாக இந்தச் சிக்கலை எந்தப் பொறியாளரும் எனக்கு விளக்கியதில்லை.

பின்னால் நிற்கும் அந்தப் பத்து வண்டிகள்தான் மிகப் பெரிய ஆபத்து. மெதுவாகப் போகும் ஒரு டிராக்டருக்குப் பின்னால் வரிசை நீள நீள, ஒவ்வொருவரும் இரண்டு வாகனங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். முதல் கார் துணிந்து வெளியே வந்ததும், இரண்டாவது கார் சாலையைப் பார்ப்பதில்லை. முதல் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே வெளியே வருகிறது. முதல் கார் தப்பித்து உள்ளே நுழைந்துவிடும். இரண்டாவது கார் நுழைவதற்கு உள்ளே இடம் இருக்காது. எதிரே வரும் பேருந்து அப்போதுதான் அதன் கண்ணில் படும். அந்தப் பேருந்து மோதலைத் தவிர்க்கத் தன் இடப்புற ஓரத்துக்கு இறங்கும். அந்த ஓரத்தில்தான் இருசக்கர வாகனத்தில் வருபவர் இருக்கிறார். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முந்தியவருக்கும் முந்தப்பட்டவருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல், இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் வாய்க்காலில் கிடப்பார். இந்திய அளவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்ற மத்திய அரசின் கணக்கைப் படித்தபோது, அவர்களில் எத்தனை பேர் யாரோ இருவருடைய முந்தலுக்குப் பலியானவர்கள் என்றுதான் என் மனம் கேட்டது. அப்படி ஒரு வகைப்பாடு அந்த அட்டவணைகளில் கண்ணில் படவில்லை.

முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற ஒரே வாக்கியம் எல்லா விபத்துகளுக்கும் பொருந்தும்படி எழுதப்படுகிறது. மத்திய அரசின் அதே 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இறப்புகளில் பத்தில் ஏழுக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஐந்து விழுக்காடு அளவே. இறப்புகளில் 60 விழுக்காடு அவற்றில்தான் நிகழ்ந்துள்ளன. ஓட்டுநரின் குணம் மட்டுமே காரணமாக இருக்குமானால், இவ்வளவு இறப்புகளும் இவ்வளவு சிறிய நீளத்தில் குவிந்திருக்காது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, சட்டத்துக்குப் புறம்பாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்று வெளிப்படையாகவே சேர்த்து, சிறைத் தண்டனை வரை வைத்திருக்கிறது. அது தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. குடித்துவிட்டும், பந்தயம் கட்டியும், வளைவில் ஏறியும் முந்துபவர்களுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் முறையாக முந்துவதற்கு 80 கிலோமீட்டரில் ஓர் இடமும் கொடுக்காமல், முறைதவறி முந்தியதற்கு மட்டும் தண்டிப்பது பாதி நீதியாகத்தான் இருக்கும்.

இதற்கு நம்மிடம் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரே விடை நான்குவழிச் சாலை. வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நான்குவழிச் சாலைக்குத் திறந்தவெளியில் 60 மீட்டர் அகலத்துக்கு நிலம் கேட்கிறார்கள். திருச்சி–கரூர் சாலையின் ஒருபுறம் காவிரி. மறுபுறம் பல இடங்களில் பாசன வாய்க்கால், அதையொட்டி ஈரோட்டுக்குப் போகும் ரயில் பாதை. நடுவில் மீந்திருக்கும் நிலம் வாழையும் நெல்லும் வெற்றிலையும் விளையும் ஆற்றுப் பாசன நிலம். அதைக் கையகப்படுத்த அறிவிக்கை, ஆட்சேபம், இழப்பீடு, வழக்கு என்று ஆண்டுகள் ஓடும். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையை நான்குவழியாக்கும் பணி எவ்வளவு காலம் இழுத்தது என்பதை டெல்டாக்காரர்கள் அறிவார்கள். தமிழக அரசு தன் பங்குக்கு, மாநில நெடுஞ்சாலைகளில் 2,200 கிலோமீட்டரைப் பத்தாண்டுகளில் நான்குவழியாக்குவதாக அறிவித்திருக்கிறது. நல்ல திட்டம். அதில் இடம்பெறாத சாலைகளும், இடம்பெற்றுக் காத்திருக்கும் சாலைகளும் அதுவரை இருவழியாகவே இருக்கும் என்பதும் அதன் மறுபக்கம்.

ஸ்வீடன் இதே நெருக்கடியை 1990-களில் சந்தித்தது. அங்கே 13 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இருந்தன. அகலமான ஓரம் இருந்ததால் எல்லோரும் வேகமாகப் போனார்கள். நேருக்கு நேர் மோதிச் செத்தார்கள். எல்லாவற்றையும் விரைவுச்சாலையாக்கப் பணம் இல்லை. 1997-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், சாலையில் ஒருவர்கூடச் சாகவோ நிரந்தரமாக முடங்கவோ கூடாது என்பதைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது சாலையைக் கட்டுபவரின் கடமை என்பதே அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே, யேவ்லே நகருக்கு வடக்கே ஈ-4 நெடுஞ்சாலையில், இருந்த அகலத்துக்குள்ளேயே கோடுகளை மாற்றிப் போட்டு மூன்று தடங்களாக்கினார்கள். நடுவில் எஃகுக் கம்பிவடத் தடுப்பு. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டரைக் கிலோமீட்டர் வரை ஒரு பக்கத்தாருக்கு இரண்டு தடம், எதிர்ப்பக்கத்தாருக்கு ஒரு தடம். பிறகு அது மாறி, இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு. முந்த விரும்புபவர் தன் முறை வரும்வரை பொறுத்திருந்தால் போதும். எதிரே யாரும் வரவே முடியாத தடத்தில் நிம்மதியாக முந்தலாம்.

தொடக்கத்தில் அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. தடுப்பில் வாகனங்கள் மோதிக்கொண்டே இருக்கும் என்றார்கள். உண்மையிலேயே அடிக்கடி மோதின. ஆனால் கம்பிவடம் வளைந்து வாங்கிக்கொண்டதால், மோதியவர்களில் பெரும்பாலானோர் பெரிய காயமின்றி இறங்கி வந்தார்கள். அந்தத் தடுப்பு இல்லாதிருந்தால் அவர்கள் எதிரே வந்த லாரியில் மோதியிருப்பார்கள். இவ்வகைச் சாலைகளில் இறப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது என்று அந்நாட்டு ஆய்வுகள் கண்டன. புதிய நிலம் ஏறக்குறைய வாங்காமலே கிடைத்த பலன் அது.

மூன்று தடம் என்றதும் நம் பொறியாளர்கள் முகம் சுளிப்பதற்கு நியாயம் உண்டு. நடுத்தடம் இருவருக்கும் பொது என்று விட்ட மூன்றுவழிச் சாலைகள் பல நாடுகளில் மரணப்பொறிகளாக இருந்திருக்கின்றன. இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் ஒரே தடத்துக்கு உரிமை கோரினால் அதுதான் நடக்கும். எனவே முந்துதடம் யாருடையது என்பதை வண்ணக்கோடு மட்டும் சொன்னால் போதாது. தடுப்பு சொல்ல வேண்டும். வெள்ளைக்கோட்டையும் மஞ்சள்கோட்டையும் நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

இதை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து காவிரிக்கரையில் வைத்துவிட முடியாது என்பதையும் உணர்ந்தே சொல்கிறேன். ஸ்வீடன் சாலையில் கோரை வண்டியும் மொபெட்டும் மாட்டு மந்தையும் இல்லை. ஒரு தடம் மட்டும் உள்ள பகுதியில் டிராக்டர் வந்தால், தடுப்பு இருப்பதால் யாரும் அதைக் கடக்க முடியாமல் போகும். ஆகவே அந்தப் பகுதிகள் இங்கே குறுகியதாக இருக்க வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரத்தைக் கட்டாயம் விட வேண்டும். மூன்றரை மீட்டர் வீதம் மூன்று தடம், நடுத்தடுப்புக்கு ஒரு மீட்டர், இரு ஓரங்கள் என்று கூட்டினால் பதினான்கரை மீட்டர் வருகிறது. இப்போதுள்ள பத்து மீட்டர் தார்ப்பரப்போடு நான்கரை மீட்டரை மட்டும், அதுவும் இடம் இருக்கும் பகுதிகளில் மட்டும், சேர்த்தால் போதும். ஆற்றையும் ரயில் பாதையையும் தொட வேண்டியதில்லை. ஊர்களுக்குள் முந்துதடம் கூடவே கூடாது. பேருந்து நிறுத்தமும் பள்ளியும் வயலுக்குத் திரும்பும் வண்டிப்பாதையும் இல்லாத, இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள வெளிகளில்தான் அமைக்க வேண்டும். தடுப்பை எங்கே திறந்து விடுவது என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், அவர்களே அதை உடைத்துத் திறந்துகொள்வார்கள். பிறகு எதிர்த்திசையில் வண்டி ஓட்டும் வழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

முந்துதடம் முடியும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை இதற்குத் தமிழ்நாடு கொடுத்த கொடிய பாடம். சாலை நான்குவழியாக்கப்பட்டது, ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே கட்டப்பட்டன. நான்குவழியில் 100-இல் வந்து பழகிய கை, புறவழிச்சாலையின் வாயிலில் திடீரென எதிரே விளக்கைக் கண்டது. எத்தனையோ குடும்பங்கள் அங்கே அழிந்த பிறகுதான் அவற்றையும் அகலப்படுத்தும் பணி தொடங்கியது. இரண்டு தடம் ஒன்றாகும் இடம் வெகு தொலைவிலிருந்தே தெரிய வேண்டும், இரவில் ஒளிர வேண்டும், குறுகுவது படிப்படியாக இருக்க வேண்டும், எதிர்ப்பக்க வாகனங்களிடமிருந்து பிரிக்கும் தடுப்பு அந்த இடத்தையும் தாண்டித் தொடர வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால், ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டே ஆட்களைக் கொல்ல நேரிடும்.

முந்துதடத்தின் பலன் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரோடு முடிவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே வரிசை கலைந்துவிடுவதால், அதற்குப் பிறகும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நெருக்கமின்றி வண்டிகள் ஓடும். அதற்கு முன்பும் பலன் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், முந்துதடம் இன்னும் இரண்டு கிலோமீட்டரில் வருகிறது என்று பலகை வைக்கிறார்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் முந்திவிடலாம் என்று தெரிந்த மனிதர் வளைவில் ஏறமாட்டார். நம் ஓட்டுநர்களின் பொறுமையின்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள், பொறுத்தால் என்ன கிடைக்கும் என்ற உறுதியை இந்தச் சாலைகள் எப்போதாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் பயணித்த தமிழ்நாட்டு இருவழிச் சாலைகள் எதிலும் அப்படி ஒரு பலகையைக் கண்டதில்லை.

ஆகவே திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பதற்காக ஒரு மனுவை எழுதிவைத்திருக்கிறேன். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு, காவல்துறையையும் நெடுஞ்சாலைப் பொறியாளர்களையும் அழைத்துக்கொண்டு, குளித்தலைக்கும் மாயனூருக்கும் இடையே ஊர்கள் இல்லாத இரண்டு வெளிகளைத் தேர்ந்தெடுத்து, போகிற பக்கத்துக்கு ஒன்று, வருகிற பக்கத்துக்கு ஒன்று என்று முதலில் இரண்டே முந்துதடங்களை நடுத்தடுப்போடு அமைக்க வேண்டும். அடுத்த முறை சாலையின் மேல்தளத்தைப் புதுப்பிக்கும்போதே இந்த வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு முன்பும் ஒரு கிலோமீட்டருக்கு முன்பும் தமிழில் பலகை வைக்க வேண்டும். அமைத்த பின் ஈராண்டுக்கு நடக்கும் விபத்துகளை, முந்தும்போது நடந்தவை என்று தனியே பிரித்துப் பதிவு செய்து வெளியிட வேண்டும். மனுவில் இந்த நான்கையும் மட்டுமே கேட்டிருக்கிறேன். இதே சாலையில் போய்வருபவர்கள், ஜீயபுரத்திலிருந்தும் லாலாபேட்டையிலிருந்தும் கிருஷ்ணராயபுரத்திலிருந்தும், தங்கள் ஊருக்கு அருகே எந்த வெளி இதற்குப் பொருத்தமானது, எங்கே தடுப்பைத் திறந்து வைக்க வேண்டும் என்பதைக் குறித்து அவரவர் ஆட்சியரிடம் தனித்தனியே மனுக் கொடுத்தால், பொறியாளர்கள் இடம் பார்க்க வரும்போது அந்த விவரம் அவர்கள் கையில் இருக்கும்.